2022 நெருக்கடிக்குப் பில் கட்டியது யார்? இலங்கைத் தொழிலாளர் அரசியல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 பொருளாதார நெருக்கடி ராஜபக்ச குடும்பம் அடித்த கொள்ளையால் வந்த வினைதானே? இதில் முதலாளித்துவ நெருக்கடி எங்கே வந்தது?

கொள்ளையும் நடந்தது, கிறுக்குத்தனமும் நடந்தது. 2019 டிசம்பரில் வற் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆக இறக்கினார்கள். வருமான வரி ஆரம்பிக்கும் எல்லையை வருடத்துக்கு 5 லட்சத்திலிருந்து 30 லட்சத்துக்குத் தூக்கினார்கள். 2021 இல் திடீரென்று இரசாயன உரத்தைத் தடை செய்து, நெல்லும் தேயிலையும் படுத்த பிறகு, அந்த வருட நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றார்கள். ஜனாதிபதியாக இருந்த கோட்டாபய, பிரதமராக இருந்த மகிந்த, நிதி அமைச்சராக இருந்த பசில் ஆகிய ராஜபக்ச சகோதரர்களும் மத்திய வங்கி ஆளுநர்களும் இந்த வீழ்ச்சிக்குப் பொறுப்பு என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு கணக்கு உதைக்கிறது. 2023 மார்ச்சில் இலங்கைக்குக் கிடைத்த சர்வதேச நாணய நிதிய உதவித் திட்டம் 17 ஆவது. முதலாவது 1965 இல், கோட்டாபய பள்ளிக்கூடத்தில் இருந்த காலம். பதினேழு தடவை ஒரே வாசலில் போய் நிற்கிற நாட்டின் பிரச்சினையை ஒரு குடும்பத்தின் தலையில் மட்டும் கட்ட முடியாது. தேயிலை, றப்பர், பிறகு ஆடை, பிறகு மத்திய கிழக்குக்கு அனுப்பிய பெண்கள் என்று டொலர் கொண்டுவரும் வழிகள் மாறினவே தவிர, எரிபொருள், கோதுமை, மருந்து, உரம், ஏன், தைக்கிற துணிகூட வெளியிலிருந்து வர வேண்டும் என்ற நிலைமை மாறவில்லை. விழுந்த துண்டைக் கடன் வாங்கித்தான் மூடினார்கள்.

2007 இல் முதன்முறையாக 500 மில்லியன் டொலருக்குச் சர்வதேச இறைமைப் பிணைமுறி, அதாவது அரசாங்கம் வெளிநாட்டுச் சந்தையில் கடன் வாங்க எழுதிக் கொடுக்கும் பத்திரம், விற்றார்கள். அடுத்த வருடம் அமெரிக்காவில் வங்கிகள் விழுந்தன, மேற்கத்திய மத்திய வங்கிகள் வட்டியைப் பூச்சியத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தன. அங்கே வட்டி கிடைக்காத பணம் கொழும்பு மாதிரி இடங்களைத் தேடி வந்தது. மகிந்தவும் வாங்கினார், அவரை வீழ்த்தி வந்த மைத்திரி–ரணில் அரசாங்கமும் வாங்கியது. 2020 இல் கொரோனா வந்து சுற்றுலா நின்று, கடன் தரப்படுத்தல் நிறுவனங்கள் நாட்டின் தரத்தை இறக்கியதும், பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் தர ஆளில்லை. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். நியூயோர்க்கில் 2008 இல் ஆரம்பித்த கதையின் ஒரு கிளைதான் இது, ராஜபக்சக்கள் அதை வேகப்படுத்தினார்கள்.

சீனாவின் கடன் பொறி என்றார்களே?

சீனக் கடனில் கட்டிய ஹம்பாந்தோட்டைத் துறைமுகம் படம் எடுக்க வசதியான இடம், அதனால் அந்தக் கதை ஓடியது. வெளிநாட்டுக் கடனில் மூன்றில் ஒன்றுக்கு மேல் பிணைமுறிக்காரர்களிடம் இருந்தது. சீனாவின் பங்கு அதைவிடக் குறைவு. அவ்வளவுதான்.

தொழிலாளிக்கு 2022 இல் உண்மையில் என்ன நடந்தது?

பணவீக்கம் 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9. இதைச் சொன்னால் யாருக்கும் உறைக்காது, ஆகவே இப்படிப் பாருங்கள். 2021 அக்டோபர் ஆரம்பத்தில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 1,500 ரூபாய்க்குள் இருந்தது. 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய். அப்போது சட்டப்படி தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 12,500 ரூபாய். காசு இருந்தாலும் சிலிண்டர் இல்லை, அது வேறு கதை. ஆடைத் தொழிற்சாலைகள் நிறைந்த கட்டுநாயக்க வர்த்தக வலயத்தின் பக்கம் ஒரு அறையில் நாலு பேர் ஐந்து பேர் தங்கும் போர்டிங்குகளில் விறகு வைத்து எரிக்க எங்கே இடம்? ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகள் பணிசைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள். ஓவர்டைம் இருந்தால்தான் அவர்களுக்கு மாதம் ஓடும். வருடக் கடைசியில் ஐரோப்பா, அமெரிக்கா ஓடர்கள் குறைந்ததும் முதலில் வெட்டுப்பட்டதும் அந்த ஓவர்டைம்தான்.

மலையகத்தில் அடி வேறு விதமாக விழுந்தது. 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது என்று பெரிதாகப் பேசினார்கள். ஆனால் தோட்டத்தில் சம்பளம் வேலைக்கு வந்த நாளுக்கு இல்லை, 'பேருக்கு', அதாவது அளவை முடித்ததாகப் பதிகிற நாளுக்கு. துரைமார் (தோட்ட நிர்வாகிகள்) வைத்த அளவு, பல இடங்களில் 18 கிலோ, சில இடங்களில் 20, அதை எடுத்தால்தான் முழுப்பேர், எடுக்காவிட்டால் அரைப்பேர். உரம் இல்லாமல் கொழுந்து சுருங்கிப்போன மலையில் முழுநாளும் ஏறி இறங்கினாலும் தராசில் 18 கிலோ வராது. உரத் தடையைப் போட்டது கொழும்பில், அதற்கான சம்பள வெட்டு விழுந்தது கொழுந்து நிறுக்கிற இடத்தில், அதுவும் வெட்டு என்ற பெயரே இல்லாமல். அதே நேரத்தில் மூன்று வேளையும் ரொட்டி தட்டுகிற வீட்டில் கோதுமை மாவு விலை மும்மடங்கானது. சேர்த்துப் பார்த்தால், லயத்துக்குள், தோட்டத்து வரிசை வீட்டுக்குள், அடுப்பு எப்படி எரிந்தது என்பதே ஆச்சரியம்.

நாடு முழுக்க வறுமை 2021 க்கும் 2022 க்கும் இடையில் இரட்டிப்பாகி 25 சதவீதத்தைத் தொட்டது என்று உலக வங்கியே கணக்குச் சொன்னது.

2022 இல் கோட்டாபயவை விலகச் சொல்லி எழுந்த அரகலய, நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைகளின் போராட்டம் என்கிறார்களே? தொழிலாளர்கள் இருந்தார்களா?

இருந்தார்கள், ஆனால் தொழிலாளர்களாக இருந்தது சில நாட்கள்தான். கொழும்பு காலிமுகத்திடலில் 2022 ஏப்ரல் 9 இல் 'கோட்டா கோ கம' (கோட்டா போ கிராமம்) என்ற போராட்டக் கூடாரங்கள் முளைத்தபோது வந்தவர்களில் எத்தனையோ பேர் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள். வேலை முடிந்து மாலையில் வந்தார்கள், பிரஜைகளாக வந்தார்கள், கொடி பிடித்தார்கள், திரும்பிப் போனார்கள். தொழிற்சாலையோ துறைமுகமோ அதனால் நிற்கவில்லை.

நின்றது இரண்டு நாட்கள். ஏப்ரல் 28 பொது வேலைநிறுத்தம், மே 6 ஹர்த்தால். ரயில், பஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வங்கி, துறைமுகம், தோட்டம் எல்லாம். மலையகத்தில் கறுப்புக்கொடி கட்டிச் சந்திக்கு வந்தார்கள். 1980 க்குப் பிறகு இந்த நாடு அப்படி ஒரு வேலைநிறுத்தத்தைப் பார்த்ததில்லை. அரசாங்கம் எதைப் பார்த்துப் பயந்தது என்று தெரிய வேண்டுமானால் திகதியைப் பாருங்கள். காலிமுகத்திடலில் ஒரு மாதம் கூடாரம் இருந்தபோது பொறுத்துக்கொண்டவர்கள், மே 6 ஹர்த்தால் நடந்த அன்று நள்ளிரவிலேயே அவசரகாலச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள்.

அப்படியானால் ஏன் அதைத் தொடரவில்லை?

மே 11 முதல் தொடர் ஹர்த்தால் என்றுதான் சங்கங்கள் அறிவித்திருந்தன. அதற்குள் மே 9 வந்தது. பிரதமரின் அலரி மாளிகையில் மகிந்தவைப் பார்க்க வந்த ஆதரவாளர் கூட்டம் காலிமுகத்திடலுக்கு வந்து கூடாரங்களை அடித்து நொறுக்கியது. பதிலுக்கு நாடெங்கும் அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்தன. மகிந்த பதவி விலகினார், ஊரடங்கு வந்தது, மூன்று நாளில் ரணில் விக்கிரமசிங்க பிரதமர். தொடர் ஹர்த்தால் அத்தோடு போயிற்று.

ஆனால் என் கருத்தில் மே 9 ஒரு சாட்டுத்தான். ஆழமான காரணம், இலங்கையில் பெரும்பாலான தொழிற்சங்கம் ஒரு கட்சியின் வால். ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஒன்று, சுதந்திரக் கட்சிக்கு ஒன்று, ஜே.வி.பி.க்கு (மக்கள் விடுதலை முன்னணிக்கு) ஒன்று, மலையகத்தில் தலைவருக்கு ஒன்று. கட்சித் தலைமை "அடுத்த தேர்தல்" என்று யோசிக்க ஆரம்பித்த அன்றே சங்கத்துக்குக் கடிவாளம் விழும். கட்சி சாராமல் நின்றவர்களும் உண்டு. அவர்களால் வேலைநிறுத்தத்தைக் கூப்பிட முடிந்தது, இழுத்துக்கொண்டு போக ஆள்பலம் போதவில்லை. தனியார் துறையில், குறிப்பாக வர்த்தக வலயங்களில், சங்கமே அரிது.

இன்னொன்றும் உண்டு. கோரிக்கை "கோட்டா வீட்டுக்குப் போ" என்பதோடு நின்றுவிட்டது. சம்பளத்தை விலைவாசியோடு கட்டு, கடனைக் கட்டாதே, சேமலாப நிதியில் கை வைக்காதே என்று வேலைத்தலத்தில் எழுந்த கோரிக்கை மேடையில் கடைசி வரிசைக்குப் போயிற்று. ஜூலை 9 இல் ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்தது, 14 இல் கோட்டாபய சிங்கப்பூரிலிருந்து விலகல் கடிதம் அனுப்பினார், 20 இல் பாராளுமன்றம் 134 வாக்குகளால் ரணிலைத் தேர்ந்தெடுத்தது, 22 விடியுமுன் இராணுவம் காலிமுகத்திடலுக்குள் இறங்கியது. கோரிக்கை நிறைவேறிவிட்டது அல்லவா, கோட்டா போய்விட்டார்! அடுத்த மாதமே ஆசிரியர் சங்கச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினைக் கைது செய்தார்கள். பெயர் நிஜமாகவே அதுதான். 2021 இல் மூன்று மாதத்துக்கு மேல் ஆன்லைன் வகுப்புகளைப் புறக்கணித்துச் சம்பள உயர்வு வாங்கிய போராட்டத்தில் முன்னால் நின்ற சங்கம் அது.

சேமலாப நிதியில் கை வைத்தார்கள் என்பது என்ன? எளிமையாகச் சொல்லுங்கள்.

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும்.

தனியார் துறையில் வேலை செய்கிறவரின் சம்பளத்திலிருந்து 8 சதவீதம், முதலாளியிடமிருந்து 12 சதவீதம், மாதா மாதம் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறது. ஓய்வூதியம் இல்லாத தனியார் தொழிலாளிக்கு வயதான காலத்தில் முக்கியமாக இருப்பது அந்தக் காசுதான். மொத்தம் 3 டிரில்லியன் ரூபாய்க்கு மேல். அதை நிர்வகிப்பது மத்திய வங்கி, அது போய்க் கிடந்தது பெரும்பாலும் அரசாங்கத்தின் பிணைமுறிகளில். அதாவது தொழிலாளிதான் அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தவர், கேட்காமலே.

2023 இல் உள்நாட்டுக் கடனையும் மறுசீரமைக்க வேண்டும் என்று வந்தது. உள்நாட்டில் அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் வங்கிகள், தனியார் முதலீட்டாளர்கள், பிறகு இந்த நிதிகள். வங்கிகள் ஏற்கெனவே அடிபட்டிருக்கின்றன என்று சொல்லி விட்டுவிட்டார்கள். 30 சதவீதத்தையும் தாண்டி வட்டி ஓடிய காலத்தில் திறைசேரி உண்டியல் (அரசாங்கத்தின் குறுகிய காலக் கடன் பத்திரம்) வாங்கிய தனியார் முதலீட்டாளர்களையும் தொடவில்லை. மிச்சம் இருந்தது சேமலாப நிதி. பழைய பிணைமுறியைக் கொடுத்துவிட்டு, முதலில் 12 சதவீதமும் பிறகு 9 சதவீதமும் வட்டி தரும், முதிர்ச்சி 2038 வரை இழுபடும் புதுப் பிணைமுறியை வாங்கிக்கொள், மாட்டேன் என்றால் உன் வருமானத்துக்கு வரி 14 சதவீதத்திலிருந்து 30 ஆகும் என்றார்கள். இதற்குப் பெயர் "விருப்பத் தெரிவு".

செய்த விதத்தையும் கவனியுங்கள். ஜூன் 29 முதல் ஜூலை 3 வரை ஐந்து நாள் வங்கிகள் பூட்டு, இடையில் ஜூலை 1 சனிக்கிழமை பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு, 122 பேர் கை தூக்கினார்கள். முந்தைய வருடம் 70 சதவீதப் பணவீக்கம் ஓடியபோது நிதி உறுப்பினர் கணக்கில் போட்ட வட்டி 9 சதவீதம். ஏற்கெனவே கரைந்துபோன சேமிப்பில்தான் மறுபடி வெட்டினார்கள்.

இதற்கு எதிராக மே 6 மாதிரி ஒரு நாள் நடந்ததா என்றால் இல்லை. ஆர்ப்பாட்டம் நடந்தது, வழக்குப் போட்டார்கள். 2011 இல் இதே சேமலாப நிதிக்காரர்களுக்குத் தனியார் ஓய்வூதியச் சட்டமூலம் என்று ஒன்றைக் கொண்டுவந்தபோது கட்டுநாயக்கத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள், பொலிஸ் சுட்டு ஒரு இளைஞன் செத்தான், அரசாங்கம் சட்டமூலத்தைத் திரும்பப் பெற்றது. யுத்தம் வென்ற மிதப்பில் இருந்த மகிந்தவையே பின்வாங்க வைத்தவர்கள், 2023 இல் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இருந்தார்கள்.

வேறு யாரும் வேலைநிறுத்தம் செய்யவில்லையா?

செய்தார்கள். 2023 மார்ச்சில் டாக்டர்கள், வங்கி ஊழியர்கள், பல்கலைக்கழக ஆசிரியர்கள், துறைமுகத் தொழிலாளர்கள். முக்கியக் கோரிக்கை, மாதம் 1 லட்சத்துக்கு மேல் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு விழுந்த புது வருமான வரி. நியாயமான கோரிக்கைதான். ஆனால் 12,500 வாங்குகிறவருக்கு அது தன்னுடைய சண்டையாகத் தெரியவில்லை. அவரை அடித்தது 8 இலிருந்து கடைசியில் 18 சதவீதம் வரை ஏறிய வற் வரியும், மின்கட்டணமும். மின்கட்டணம் மட்டும் 2022 ஓகஸ்டில் 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம் ஏறியது. இரண்டையும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் சேர்த்து எழுத ஒருவரும் இல்லை.

நெருக்கடி வந்தால் தொழிலாளர்கள் தாமாக இடதுசாரிப் பக்கம் வருவார்கள் என்பது உண்மையா?

வரலாற்றில் அப்படி ஒரு விதி கிடையாது. ஜெர்மனியில் 60 லட்சம் பேர் வேலையில்லாமல் நின்ற 1932 இல், உலகிலேயே பலமான தொழிலாளர் கட்சிகள் இரண்டு அங்கே இருந்தும், ஒன்றையொன்று முதல் எதிரி என்று திட்டிக்கொண்டிருந்ததில் ஹிட்லர் 37 சதவீத வாக்கு எடுத்தார்.

அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. கொரிய யுத்த காலத்தில் ஏறிய றப்பர் விலை விழுந்ததும் இலங்கைத் திறைசேரி காலியானது, 1953 இல் கூப்பனுக்கு மலிவாகக் கொடுத்த அரிசியை, ஒரு கொத்து (படி அளவு), 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார்கள். ஓகஸ்ட் 12 ஹர்த்தாலில் நாடே நின்றது. இடதுசாரி லங்கா சமசமாஜக் கட்சி கூப்பிட்டது, தமிழரசுக் கட்சியும் ஆதரித்தது. அமைச்சரவை தரையில் கூட்டம் நடத்தப் பயந்து, துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் கூடியது. இரண்டு மாதத்தில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். சரி, அந்தக் கோபத்தை அறுவடை செய்தது யார்? சமசமாஜக் கட்சி ஒரு நாளோடு நிறுத்திவிட்டது. மூன்று வருடத்தில் பண்டாரநாயக்க "சிங்களம் மட்டும்" என்று வந்து அள்ளிக்கொண்டு போனார். 1964 இல் சமசமாஜக் கட்சியே பண்டாரநாயக்கவின் சுதந்திரக் கட்சி அரசாங்கத்தில் போய் உட்கார்ந்தது.

அடுத்த தடவை 1980. திறந்த பொருளாதாரம் வந்து விலை ஏறியபோது மாதம் 300 ரூபாய் சம்பள உயர்வு கேட்டு ஜூலையில் வேலைநிறுத்தம். ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன சுமார் 40,000 பேரை ஒரேயடியாக வேலையிலிருந்து தூக்கினார். தெற்கில் தொழிற்சங்கம் என்ற தடுப்புச்சுவர் இடிந்து மூன்று வருடத்தில் தமிழர்களுக்கு எதிரான 1983 ஜூலை வன்முறை. இரண்டுக்கும் நேர்க்கோடு போட முடியாது. ஆனால் ஆளும் கட்சித் தொழிற்சங்கக் குண்டர்கள் இரண்டு இடத்திலும் நின்றார்கள் என்பதை மறக்கக்கூடாது.

தமிழர்கள் ஏன் ஒதுங்கி நின்றார்கள்?

எல்லோரும் ஒதுங்கவில்லை, மலையகத்தைப் பற்றி மேலே சொன்னேன். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வேறு மனநிலை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை போட்டு மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் வரை எண்ணிக் கொடுத்தபோது, ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை இது. "இப்பதான் உங்களுக்கு வரிசை தெரியுதோ" என்ற கசப்பு இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. 2022 மே 18 இல் காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்தது. முன்னொரு நாளும் நினைத்துப் பார்க்க முடியாத காட்சி. ஆனால் இராணுவத்துக்குக் கொட்டும் காசைக் குறை, இராணுவம் பிடித்துவைத்த காணியை விடு என்பது போராட்டத்தின் பொதுக் கோரிக்கையாகக் கடைசிவரை ஏறவில்லை.

2024 இல் தேசிய மக்கள் சக்தி வென்றது தொழிலாளர்களின் வெற்றிதானே?

வாக்குப் போட்டவர்கள் அப்படித்தான் நம்பினார்கள், அதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். 2019 இல் 3 சதவீதம் எடுத்த அதன் தலைவர் அநுர குமார திசாநாயக்க 2024 செப்டெம்பரில் 42 சதவீதம் எடுத்து ஜனாதிபதி. நவம்பரில் பாராளுமன்றத்தில் 225 க்கு 159 ஆசனம். நுவரெலியாவிலும் யாழ்ப்பாணத்திலும் முதலிடம். மலையகத் தமிழரை "இந்திய விஸ்தரிப்புவாதத்தின்" கருவி என்று வகுப்பெடுத்த ஜே.வி.பி.யின் கூட்டணிக்குத் தோட்டத்து மக்கள் வாக்குப் போட்டார்கள் என்றால், பழைய தலைவர்கள் மேல் எவ்வளவு வெறுப்பு இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

ஆனால் நாணய நிதிய ஒப்பந்தம் அப்படியே தொடர்ந்தது. பிணைமுறிக்காரர்களோடு ரணில் பேசிவைத்த ஏற்பாட்டையே அந்த டிசம்பரில் முடித்தார்கள். சேமலாப நிதிக்குக் கொடுத்த புதுப் பிணைமுறியும் மாறவில்லை. 2022 இல் தெருவில் தீராததை 2024 இல் பெட்டியில் போட்டார்கள், பெட்டியைத் திறந்தவர்கள் பழைய கணக்குப் புத்தகத்தையே எடுத்துக்கொண்டார்கள். கிரேக்கத்தில் 2015 ஜூலையில் கடன்காரர்களின் நிபந்தனைகள் "வேண்டாம்" என்று 61 சதவீதம் பேர் வாக்களித்த அடுத்த வாரமே இடதுசாரி சிரிசா கட்சி அரசாங்கம் கடன்காரர்களோடு உடன்பட்டதைப் பார்த்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி இல்லை.

சனம் ஏன் போராடாமல் வெளிநாடு போனது?

2022 இல் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்கு வெளியேறினார்கள். வீட்டில் பிள்ளை பட்டினி கிடக்கும்போது கட்டார் விசா கிடைத்தால் எவரும் போவார்கள். ஆனால் விளைவு இருக்கிறது: துணிந்து பேசக்கூடிய வயதுக்காரர்கள் வேலைத்தலத்திலிருந்து போனார்கள், அவர்கள் அனுப்பிய டொலரில் அரசாங்கம் மூச்சு வாங்கியது.

நான் வேலை செய்யும் இடத்தில் சங்கமே இல்லை. இப்போது என்ன செய்யலாம்?

சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு தொழிற்சங்கத்தைப் பதிவு செய்யலாம். தொழிலாளர்களில் 40 சதவீதம் பேர் உறுப்பினரானால் முதலாளி அங்கீகரித்தே ஆக வேண்டும், 1999 இல் வந்த திருத்தம் அது. நிர்வாகம் "நம்மிடம் ஊழியர் சபை இருக்கிறதே" என்று சொல்லும், வர்த்தக வலயங்களில் வழக்கமான பதில். சபை வேறு, சங்கம் வேறு. 40 சதவீதம் சேரும் வரை பெயர்ப்பட்டியலை மேலாளர் கண்ணில் காட்டாதீர்கள், தோட்டமோ தொழிற்சாலையோ, முதலில் வேலை போவது பட்டியலில் முதல் பெயருக்குத்தான். அப்புறம், இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று: உங்கள் சேமலாப நிதிக் கணக்குமீதியைத் தொழில் திணைக்களத்திலோ மத்திய வங்கியிலோ எடுத்துப் பாருங்கள். சம்பளச் சிட்டையில் 8 சதவீதம் கழித்துவிட்டு நிதிக்கு ஒரு சதமும் கட்டாத முதலாளிகள் ஏராளம். கட்டாமல் இருந்தால் தொழில் ஆணையாளரிடம் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். பக்கத்தில் வேலை செய்கிற ஆறு பேரின் மீதியையும் சேர்த்துப் பாருங்கள், ஏழு பேர் ஆகிவிடும்.